தறி நின்னா தப்பு

இங்கிலீசுல "உன் பேரு இன்னா"ன்னு எவனாச்சும் கேட்டா இன்னிக்கும் எனக்கு பேஜாராத்தான் ஆவுது. பேரு மறந்துபூடும்னு இல்ல. சொல்லி முடிச்சதும், சொன்னது சரியா தப்பான்னு எங்கனா சத்தம் வருதான்னு காத தீட்டிகினு நிப்பேன். கேட்டவன் என்ன ஒரு மாதிரியா பாப்பான். இதுக்கெல்லாம் காரணம் எங்கம்மா. நமக்கு நல்லது பண்ணியே தீருவேன்னு யாருனா கெளம்புனா, செருப்ப மாட்டிகினு ஓடிப்பூடுங்க. அதான் என் அனுபவம்.

எங்க வூடு சேவூர்ல. அப்பாவுக்கு களம்பூர் ரைஸ் மில்லுல மூட்ட ஏத்துற வேல. அம்மாவுக்கு வூட்டுக்குள்ளயே வேல, பட்டுத் தறி. உள்ள நுழைஞ்சா மொதல்ல தறி, அதுக்கு அந்தாண்ட அடுப்பு, நடுவுல மிச்சம் கீற எடத்துல நாங்க நாலு பேரு. தறி ஓடிச்சின்னா டக்கு டக்குன்னு எந்நேரமும் சத்தம். அந்த சத்தத்துக்கு மேல கத்திதான் உப்பு கேக்கணும், தண்ணி கேக்கணும். எங்க வூட்டுக்கு வந்த சொந்தக்காரங்க, "இன்னா எப்ப பாத்தாலும் சண்ட போட்டுகினு கீறீங்க"ன்னு கேட்டுட்டு போவாங்க.

மூணாவது வரைக்கும் நானு பக்கத்துல கீற கவர்மெண்ட் இஸ்கூல்ல நல்லாத்தான் இருந்தேன். யாருக்கும் தொந்தரவு குடுக்கல, படிப்புக்கும் தொந்தரவு குடுக்கல. திடீர்னு எங்கம்மாவுக்கு இன்னா தோணிச்சோ, என்னையும் தங்கச்சியையும் தூக்கினு போயி ஆரணில இங்கிலீஷ் மீடியத்துல சேத்துட்டுச்சி. என்ன நாலாவதுல, அவள மூணாவதுல. சேக்கும்போதே பெரிய மிஸ்ஸு ஒரு கண்டிசன் போட்டாங்க: ஓரல் டெஸ்ட்டு வெப்போம், இங்கிலீசுல கேக்குற கேள்விக்கு இங்கிலீசுலயே வாயத் தொறந்து பதிலு சொல்லணும், சொல்லலன்னா பையன மூணாவதுல எறக்கிருவோம்.

மூணாவதுன்னா எது? எந்தங்கச்சி கீற கிளாசு.

இத நெனச்சி பாருங்க. வூட்லயே அவ தொல்ல தாங்கல. காலைல நானு பல்லு வெளக்காதது சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிபூடும். அவகூட ஒரே பெஞ்சில உக்காந்தா என் மானம் ஆரணி பஸ் ஸ்டாண்டுல காத்துல பறக்கும். அவ வேற தெனம், "அண்ணா, எம்பக்கத்துல எடம் போட்டு வெச்சிகீறேன், ஜல்தி வந்துரு"ன்னு சொல்லிகினே இருந்தா.

எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனா யாரையும் நம்பி டியூசனுக்கும் அனுப்பாது. பக்கத்து வூட்ல காலேஜு படிக்கிற அக்கா ஒண்ணு இருந்துச்சி. எங்கம்மா அது கைல பட்டன் போன குடுத்து, இஸ்கூல்ல குடுத்த கேள்வி பதிலு எல்லாத்தையும் படிக்க சொல்லி ரெக்கார்டு பண்ணிகிச்சி. அக்கா படிக்கச் சொல்ல அவங்க வூட்டு குக்கரு நடுவுல விசில் அடிச்சிருச்சி. "ஐ ஆம் ஸ்டடியிங்"குன்னு சொல்லிட்டு, விசில் அடங்குற வரைக்கும் நின்னு, அப்பறம் "ஃபோர்த் ஸ்டாண்டர்ட்"னு அக்கா முடிச்சிருக்கும். எங்கம்மா அத ஒரு வாரம் தறில உக்காந்துகினு கேட்டு கேட்டு, விசிலோட மனப்பாடம் பண்ணிருச்சி. நானும் அந்த எடம் வந்தா நின்னு மூச்சு வுட்டுட்டுதான் சொல்லணும். ஜல்தியா சொன்னா தப்பு. நானு சண்ட போட்டேன்.

"எம்மா, அது குக்கரும்மா."

"அக்கா காலேஜு படிக்குது. அதுக்கு தெரியாதது உனக்கு தெரியுமா? நிறுத்தி சொல்லுடா."

பாடம் நடந்த விதத்த சொல்றேன். அம்மா தறில உக்காந்துகினு, கால் ரெண்டும் கீழ மிதிக்க, கை நூலு சுத்துன நாடாவ அப்டி இப்டி ஓடவுட, கழுத்த மட்டும் திருப்பி கேள்வி கேக்கும். நானு எதுக்க நின்னு தொண்ட கிழிய பதிலு கத்தணும். சரியா சொன்னா தறி பாட்டுக்கு ஓடிகினு இருக்கும். ஒரு சொல்லு மாறிச்சி, தறி நின்னுபூடும். திட்டாது, அடிக்காது. தறி நிக்கும், என்ன பாக்கும், அவ்ளோதான். நானு பதில மாத்தி மாத்தி சொல்லி பாப்பேன். சரியானது வந்தா மறுபடி டக்கு டக்கு. தறி ஓடுனா சரி, தறி நின்னா தப்பு. காலைல இது, இஸ்கூல் வுட்டு வந்தா இது, ஞாயித்துக்கெழம பூரா இது. வெளிய பசங்க கோலி ஆடிகினு இருப்பானுங்க. நானு உள்ள, "மை ஃபாதர் இஸ் எ லோட்மேன்"னு தெருவே அதிர கத்திகினு இருப்பேன். எங்கப்பா சாப்ட்டுகினே, "ஏன்டா, நானு லோட்மேனுன்னு ஊருக்கே தெரியுமே, மைக் செட்டு வேற போடணுமா"ம்பாரு.

டெஸ்ட்டுக்கு முந்தின நாளு, எல்லா கேள்வியும் கேட்டு முடிக்கிற வரைக்கும் தறி ஒரு தபா கூட நிக்கல. அம்மா எனக்கு முட்ட பொரிச்சி குடுத்துச்சி.

மறுநாளு ஓரல் டெஸ்ட்டு. தனி ரூமு. பெரிய மிஸ்ஸு ஒரு மேஜைக்கு பின்னால. கரண்டு இல்ல, ஃபேனு கூட ஓடல. அப்பிடி ஒரு அமைதிய நானு பொறந்ததுலேந்து கேட்டதில்ல.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் குமரேசன்!"னு கத்துனேன். மிஸ்ஸு கைல இருந்த பேனா கீழ வுழுந்துச்சி.

அப்பறம் ஒரு சத்தமும் இல்ல.

பேரே தப்பா? மாத்தி சொல்லி பாக்கலாம்னு, "மை நேம் இஸ் ஜி. குமரேசன்"னேன். சத்தம் இல்ல. "மை நேம் இஸ் குமார்"னேன். ம்ஹூம். அடுத்து கைக்கு கெடச்ச பேரு எங்க தெரு டெய்லரோடது, அதையும் சொல்லி பாத்தேன். மிஸ்ஸு அட்டெண்டன்ஸ எடுத்து ஒரு தபா சரி பாத்துகினாங்க.

"வாட் இஸ் யுவர் ஃபாதர்?"

லோட்மேன்னேன். அமைதி. டிரைவர்னேன். அமைதி. டாக்டர்னேன், போலீஸுன்னேன். எங்கப்பா கலெக்டரு ஆவுறதுக்குள்ள மிஸ்ஸு மேஜைய தட்டுனாங்க. டொக்குன்னு சத்தம் வந்துச்சா, அப்பாடா சரின்னு நானு சிரிச்சிட்டேன். அதோட போச்சி. கிண்டல் பண்றேன்னு நெனச்சி, "நாளைக்கு உங்கம்மாவ கூட்டினு வா"ன்னு வெளிய அனுப்பிட்டாங்க.

வூட்ல எங்கம்மா தறிய நிறுத்திட்டு கேட்டுச்சி.

"வூட்ல அட்சரம் பெசகாம சொன்னியேடா. அங்க இன்னா கேடு உனக்கு?"

"நிறுத்திட்டாங்கம்மா."

"இன்னாத்த நிறுத்துனாங்க?"

"சத்தமே வரல. சத்தம் வரலன்னா தப்புதான?"

எங்கம்மா என்ன பாத்துச்சி, தறிய பாத்துச்சி, தலைல கைய வெச்சிகிச்சி. எங்கப்பாவுக்கு புரியறதுக்கு கொஞ்ச நேரம் ஆச்சி. புரிஞ்சதும் அவரு சிரிச்சது மட்டும் இருக்கே! "வாம்மே, மில்லு லாரி ஒண்ண சொல்லி வெக்கிறேன், தறிய ஏத்தினு போயி மிஸ்ஸு ரூம்ல போட்டுட்டு வந்துரலாம்"னாரு. தங்கச்சி அதுக்குள்ள பையில இருந்து பென்சிலு எடுத்து சீவ ஆரம்பிச்சிட்டா. "மூணாவதுல பேனா கெடயாதுண்ணா. இந்தா, உனக்கு."

அன்னிக்கி சாயங்காலம் தறிய நிறுத்தி வெச்சிட்டு, அமைதியா கேள்வி கேட்டு பாத்துச்சி அம்மா. எனக்கு வரல. மூணு பேரும் என் வாயவே பாத்துகினு இருந்தா எவனுக்கு வரும்?

மறுநாளு நெய்ய வேண்டிய பொடவைய அப்டியே வுட்டுட்டு அம்மா என்கூட டவுன் பஸ் ஏறிச்சி. இஸ்கூல்ல செருப்ப வெளிய வுட்டுட்டு, மிஸ்ஸுகிட்ட தணிஞ்சி பேசுச்சி. "இன்னொரு தபா கேட்டு பாருங்க மிஸ். நானு பின்னால அந்த பெஞ்சில குந்திக்கிறேன். வாயே தொறக்க மாட்டேன்." மிஸ்ஸு கடியாரத்த பாத்துட்டு, "கடைசி சான்சு"ன்னாங்க.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் குமரேசன்."

அமைதி. பேர மாத்தலாம்னு வாயத் தொறக்கறேன். பின்னாலேந்து சத்தம் வருது. டக்கு டக்கு. டக்கு டக்கு. எங்கம்மா குதிகால தரைல தட்டிகினு இருந்துச்சி, தறி மிதிபலகைல தட்டுற மாதிரியே.

அப்பறம் என்ன புடிக்க முடியுமா? அப்பா லோட்மேனு, அம்மா வீவரு, தங்கச்சி ஒண்ணே ஒண்ணு, புடிச்ச பழம் மாம்பழம்னு அடிச்சி வுட்டுகினே போறேன். ஒரு எடத்துல "சன் ரைசஸ் இன் த வெஸ்ட்"னு ஒளறிட்டேன். பின்னால கால் நின்னுச்சி. ஈஸ்ட்டுன்னேன். டக்கு டக்கு.

மிஸ்ஸு நிமுந்தாங்க. அவங்க இன்னா லேசுப்பட்டவங்களா? "ஏம்மா, பதிலு சொல்லிக் குடுக்கிறீங்களா?"

"ஐயோ, நானு வாயே தொறக்கலீங்க மிஸ்."

"வாயத் தொறக்கல. தப்பு சொன்னப்ப மட்டும் கால நிறுத்துனீங்களே, எப்டி? உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

எங்கம்மா குதிகால பொடவைக்குள்ள இழுத்துகிச்சி. மொகம் செவந்துபோச்சி. மிஸ்ஸுக்கு இன்னா தோணிச்சோ, பேனாவ மூடி வெச்சிட்டு, என்ன வுட்டுட்டு எங்கம்மாவ பாத்து கேட்டாங்க. "வாட் இஸ் யுவர் நேம்?"

எங்கம்மா எழுந்து நின்னுச்சி. முந்தானைய இழுத்து சொருகிச்சி. கைய பின்னால கட்டிகிச்சி, நானு நிப்பேனே அதே மாதிரி.

"மை நேம் இஸ் குமரேசன். ஐ ஆம் ஸ்டடியிங்..." குக்கரு விசில் அடங்குற வரைக்கும் நின்னுச்சி. "ஃபோர்த் ஸ்டாண்டர்ட்."

தணிஞ்சி பேச வந்த மனுசி, தறி மேல கத்துற மாதிரி கத்திருச்சி. வராண்டால போய்கினு இருந்த பசங்க எல்லாம் ஜன்னல்ல வந்து நின்னுட்டானுங்க. எந்தங்கச்சி கிளாசு பக்கத்துலதான். மொத ஆளா ஜன்னல்ல தொங்குனது யாருன்னு நானு சொல்ல வேண்டியதில்ல. எனக்கு பூமிக்குள்ள பூந்துக்கலாம் போல இருந்துச்சி.

மிஸ்ஸு மட்டும் சிரிக்கல. உதட்ட கடிச்சிகினாங்க. அப்பறம், "குட். உக்காருங்க"ன்னாங்க. என்ன பாத்து, "நாலாவதுக்கு போ. இனிமே மெதுவா பேசு, எனக்கு காது நல்லாத்தான் கேக்கும்"னாங்க.

அன்னிக்கி இஸ்கூல் வுடுற வரைக்கும் காத்துகினு இருந்த எங்கம்மாவ, சாயங்காலம் பஸ்ல உண்டு இல்லன்னு பண்ணிட்டேன். "மானமே போச்சி. உன்ன கேட்டா என் பேர ஏம்மா சொல்ற?"

"அந்த கேள்விக்கு அதானடா பதிலு?"

"அது எனக்கும்மா. உன்ன கேட்டா உம்பேருதான் சொல்லணும்."

"எம்பேரா?" எங்கம்மா ஜன்னல் பக்கம் பாத்துகினே யோசிச்சிச்சி. "எம்பேர அதுல எப்டி சொல்றது?"

"மை நேம் இஸ்ஸு போட்டு உம்பேர சொல்லு. அவ்ளோதான். இதுக்கு ஒரு காலேஜு அக்கா வேணுமா?"

பஸ்ஸு கெளம்புற சத்தத்துல தனக்குள்ளயே ஒரு தபா சொல்லி பாத்துச்சி. அப்பறம் என் தோளத் தட்டி, "எந்த கிளாசுன்னு கேட்டா?"ன்னுச்சி.

"உன்ன யாரும்மா அத கேக்கப் போறாங்க? வுடு, பேஜாரு பண்ணாத."

மறுநாளு லீவு. இனிமே ஓரலும் கெடயாது, ஒண்ணும் கெடயாது, நல்லா தூங்கலாம்னு படுத்திருந்தேன். வெடிஞ்சும் வெடியாம தறி ஓட ஆரம்பிச்சிருச்சி. அதுக்கு மேல எங்கம்மா கொரலு: மை நேம் இஸ்ஸு, அப்பறம் அதோட பேரு. தறி நிக்கும். மறுபடி மொதல்லேந்து. மை நேம் இஸ்ஸு, அதோட பேரு. நிக்கும். இன்னொரு தபா. இந்த தடவ நிக்காம ஓடிச்சி.

நானு போர்வைக்குள்ள இருந்தே கத்துனேன். "எம்மா, டெஸ்ட்டுதான் முடிஞ்சிபோச்சே, பாஸும் ஆயாச்சி, இன்னும் யாருக்கு ஒப்பிச்சிகினு கீற?"

"நீ தூங்குடா"ன்னுட்டு இன்னொரு தபா சொல்லிச்சி. எனக்கு எரிச்சலா வந்துச்சி. பாஸானது நானு. இந்தம்மா எதுக்கு இன்னும் படிச்சிகினு கீதுன்னு, காத பொத்திகினு திரும்பி படுத்துட்டேன்.