மாப்பிள்ளை மாற்றிய ஆயில் சட்டி

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து எங்கள் தேயிலை மலைக்கு ஏறி வருவதற்கு முன்பே எங்கள் பெரிய துரை சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். அவருடைய கறுப்புக் கார் மட்டும் பங்களா வாசலில் நின்றது. பங்களாவில் வந்து உட்கார்ந்த ஜப்பான் அதிகாரிக்குக் காரோடு டிரைவரும் சேர்ந்தே கிடைத்தான். அந்த டிரைவர் என் தங்கையின் கணவன். நான் தேயிலை ஃபேக்டரியில் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை பார்த்தேன்.

மாப்பிள்ளை அருமையாகக் கார் ஓட்டுவான். வளைவில் எதிரே லாரி வந்தாலும் பதறமாட்டான். ஆனால் பானெட்டைத் திறந்துவிட்டால் திருதிருவென்று விழிப்பான். "ஒனக்கு ஸ்டியரிங் மட்டுந்தான் மாப்ள, உள்ளாற இருக்கிறதெல்லாம் எனக்குலா" என்று கேலி செய்வேன். அவனும் சிரிப்பான். கேலி செய்யும் வாய் எனக்கு அப்போது கொஞ்சம் நீளம்.

ஒருநாள் அதிகாரியை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் ஊரிலிருந்து திரும்பும்போது, மழைக்குச் சரிந்து கிடந்த பாறை ஒன்றின் மேல் காரை ஏற்றிவிட்டான். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்குமே, அந்த ஆயில் சட்டி பிளந்து எண்ணெயெல்லாம் ரோட்டில் போயிற்று. அவன் உடனே நிறுத்தியதால் எஞ்சின் பிழைத்தது. ஆட்களை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்து ஃபேக்டரி வாசலில் சேர்த்தார்கள். மாப்பிள்ளையின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

அதிகாரி அரைகுறை மலாயில் சொன்னதை, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி எங்களுக்குத் தமிழில் சொன்னார். "நாளைக்குச் சாயங்காலம் கார் ஓடணுமாம். இல்லாட்டி ஒடச்சவன சயாமுக்கு அனுப்பிடுவாராம்."

சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் பிடித்துப் போயிருந்தார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. தங்கை அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

இரும்புத் தகடாக இருந்தால் பற்றவைத்திருப்பேன். அது அலுமினிய வார்ப்பு. கிடைத்த ஈயத்தை உருக்கிப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. வேறு சட்டி மாற்றுவதைத் தவிர வழியில்லை. சின்ன துரை விட்டுப்போன அதே மாதிரிக் கார் ஒன்று, டயரெல்லாம் கழற்றப்பட்டு, ஃபேக்டரிக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்தது. மறுநாள் விடிந்ததும் அதன் அடியில் புகுந்தேன். போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. ஒன்று முறிந்தே போயிற்று. முன் அச்சு குறுக்கே நின்றதால், எஞ்சினை ஒரு விரல் உயரம் தூக்கினால்தான் சட்டி வெளியே வரும். மாப்பிள்ளை ஜாக்கியைத் தூக்கினான், கட்டையை நகர்த்தினான், கேட்டதை எடுத்துக் கொடுத்தான். அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை ஸ்பானரை மாற்றிக் கொடுத்தான், எனக்கு எரிச்சலாக இருந்தது. "சும்மா நில்லு மாப்ள!" என்று கத்தினேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் அறுக்கிறது.

எண்ணெய் கசியாமல் சட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங் வாங்கக் கடையும் இல்லை, சாமானும் இல்லை. தேயிலைப் பெட்டிக்குள் போடும் தடித்த காகிதத்தைச் சட்டியின் விளிம்பு அளவுக்கு வெட்டி எண்ணெயில் ஊறவைத்தேன். சட்டியை அதிகாரியின் காரில் பொருத்தி, போல்ட்டுகளை ஒரே பக்கமாக முடுக்காமல் எதிரும் புதிருமாக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். தேயிலை உருட்டும் ரோலர் மிஷினுக்கென்று ஒளித்து வைத்திருந்த எண்ணெயை ஊற்றினோம். எஞ்சின் உறுமியது. அடியில் பழைய சாக்கை விரித்துப் பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

இங்கேதான் நான் கெட்டேன். துரைமார் காலத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் எதையாவது உடைத்துவிட்டால், பழுது பார்த்தது யாராக இருந்தாலும், உடைத்தவனே சரிசெய்தான் என்றுதான் துரையிடம் சொல்வோம். துரையின் கோபம் பாதி இறங்கிவிடும். நான் ஒருமுறை ரோலரின் பல்சக்கரத்தை உடைத்தபோது என் வேலை நிலைத்தது அப்படித்தான்.

சாயங்காலம் அதிகாரி வந்தார். காரில் ஏறித் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இறங்கி, குனிந்து அடியில் பார்த்தார். "சியாப்பா பூவாட்?" என்றார். யார் செய்தது என்று கேட்கிறார்.

"டிரைவர்தாங்க. அவரே செஞ்சிட்டாரு. நான் சும்மா கூட நின்னேன்" என்றேன்.

கிராணி அதை மலாயில் சொன்னார். அதிகாரி மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். முதல்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். பிறகு கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணியின் முகம் செத்துவிட்டது.

"சயாம்ல லாரி ரிப்பேர் பண்ண ஆளே இல்லயாம். இவ்வளவு கெட்டிக்கார ஆளு இங்க கார் ஓட்டிக்கிட்டு இருக்கக் கூடாதாம். நாளைக்குக் காலைல லாரி வருது."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். "ஐயா, செய்தது நான்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கிராணியும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் பொய் சொன்னதற்கு அடிப்பார்கள், அடித்துவிட்டு என்னையே ஏற்றுவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. குடும்பத்தை நினைத்தேன் என்று பின்னாளில் சிலரிடம் சொன்னதுண்டு. அது பொய்.

காலையில், மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் லாரி, எங்கள் லயத்து வீட்டு வரிசையின் முனையில் நின்றது. தங்கை தலையிலடித்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை அவளைத் தேற்றிவிட்டு என் பக்கம் ஓடி வந்தான். திட்டுவான் என்று நின்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அங்க போயி தெரியலன்னா கொன்னுடுவானுங்க. அந்தப் போல்ட்ட எப்படி முடுக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க."

சொன்னேன். எதிரும் புதிருமாக, மூன்று சுற்று, ஒரே பக்கமாக முடுக்காதே. எனக்குத் தெரிந்த இருபது வருஷ வேலையில் அந்த நேரத்துக்குள் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். ஏறச் சொல்லிக் கத்தினார்கள். லாரியின் பின்பலகையைப் பிடித்து நின்றவன் உதடு அசைவதைப் பார்த்தேன். நான் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் வரவில்லை. ஜப்பான்காரன் போகிறவரை அந்தக் கார் ஓடியது. ஒவ்வொரு தடவையும் அடியில் குனிந்து பார்ப்பேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.