திருகாணியின் சிவப்புக் கட்டம்

திருகாணிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் இருக்கிறது. சம்பளச் சீட்டில் இருப்பதை ஊருக்குச் சொன்னால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். நமக்கு எதற்கு வம்பு?

ஃபிரிட்ஜும் துணி துவைக்கும் மெஷினும் தவணைக்கு விற்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. தவணை என்றால் சும்மா தூக்கிக் கொடுப்பார்களா? வாங்க வருகிறவரின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வீட்டு விலாசம், மைத்துனரின் ஃபோன் நம்பர் வரை கறந்துவிடுவார்கள். இதெல்லாம் மெயின் கம்ப்யூட்டரில், அவர்கள் ‘பெட்டகம்’ என்று சொல்கிற பூட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும். இருந்தால்தானே! விற்பனைக்காரர் அவசரத்துக்கு ஒரு நகலைத் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் இறக்குவார். வசூல்காரம்மா தன் பங்குக்கு இன்னொன்றை இறக்குவாள். இறக்கியதை அழிக்க மட்டும் ஒருத்தருக்கும் மனசு வராது. இப்படிச் சிதறிக் கிடப்பதைத் தேடிப் பிடித்துப் பெட்டகத்தில் சேர்த்துவிட்டு, நகலை அழிப்பதுதான் திருகாணியின் வேலை.

அதற்கென்று ஒரு புரோகிராம் உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்து மோப்பம் பிடிக்கும். வங்கிக் கார்டு நம்பர் மாதிரி, அடையாள நம்பர் மாதிரி எதையாவது கண்டால் அந்தக் கம்ப்யூட்டருக்கு உரிய கட்டம் சிவப்பாகும். சுத்தமாக இருந்தால் பச்சை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டோர்காரரின் கட்டம் சிவந்தது. முந்நூறு சொச்சம் கார்டு நம்பர்கள்! இவள் மேனேஜர் அறைக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

“சார், ஸ்டோர்காரண்ணன் ஊரார் கார்டு நம்பரையெல்லாம் சேத்து வச்சிருக்காரு!”

மேனேஜர் மேஜைக்கடியில் கழற்றிப் போட்டிருந்த ஷூவை மாட்டாமலே ஓடிவந்தார். ஸ்டோர்காரர் சாது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயையோ, அது திருகாணிம்மா! மெஷின் திருகாணி! ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நம்பர், பதினாறு இலக்கம்!”

கார்டு நம்பரும் பதினாறு இலக்கம். புரோகிராமுக்கு என்ன தெரியும், பாவம்! இப்படி ஆகிவிட்டால் ‘பொய்ச் சிவப்பு’ என்று ஒரு பொத்தானை அழுத்திவிட வேண்டும். பிறகு புரோகிராம் அந்த ஃபோல்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காது. அழுத்தினாள். கட்டம் பச்சையானது. இவளுக்கோ திருகாணி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் என்ன கண்டுபிடித்தாலும், “என்ன, திருகாணியா?” என்று ஒரே சிரிப்பு. அவளும் கூடவே சிரிப்பாள். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே! இனி எவரும் வாய் திறக்கக் கூடாது என்று, எதைக் கண்டாலும் அழிப்பதற்கு முன் திரையை அப்படியே படம் பிடித்து வைக்க ஆரம்பித்தாள். நம்பாதவர்களின் முகத்துக்கு நேரே அந்தப் படத்தை நீட்டுவாள். நீட்டியதும் வாய் அடைத்துவிடும். அவளுக்கு அது பெரிய தித்திப்பு.

வீட்டுக்குப் போனாலும் இந்த வேலை அவளை விடாது. அவள் கணவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டுகிறவர். அறுக்கிற மெஷின் பக்கத்திலேயே நின்று பழகியதால் ரகசியம் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். மருந்துக் கடையில் ஃபோன் நம்பர் கேட்டால் போதும், ஏலம் விடுகிற மாதிரி ஆரம்பித்துவிடுவார். இவள் பாய்ந்து அவர் வாயைப் பொத்துவாள்.

“ஏங்க, மெதுவா சொல்லுங்க! யாராவது கேட்டுடப் போறாங்க!”

“கேட்டா என்ன? ஃபோன் பண்ணட்டும். நானும் யாராவது கூப்பிட மாட்டாங்களான்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவருடைய கார்டின் உறையில் ரகசிய எண்ணை மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்ததை அவள் கண்டுபிடித்த கதையை இங்கே சொல்ல வேண்டாம். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இவ்வளவு சிரிப்புக்கும் அடியில் ஒரு முள் இருந்தது. சேர்ந்து ஏழு வருஷமாகியும் அவள் ஒப்பந்தக்காரிதான். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும், ‘நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா’ என்று நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாள். இந்த வருஷம் மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னார்.

“தலைமை ஆபீஸ்லேர்ந்து தணிக்கைக்கு ஆள் வர்றாங்க. எல்லாக் கட்டமும் பச்சையா இருந்துச்சுன்னா, உங்களை நிரந்தரம் பண்ணிடறேன். ஒண்ணு சிவந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

அவ்வளவுதான், திருகாணிக்குச் சிறகு முளைத்துவிட்டது! மேஜை மேஜையாகப் பறந்தாள். விற்பனைக்காரரைக் கெஞ்சினாள். வசூல்காரம்மாவை மிரட்டினாள். ஸ்டோர்காரரிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டாள். தணிக்கைக்கு முந்தின நாள் ஒரு கட்டம் பாக்கியில்லாமல் பச்சை. “அடேயப்பா, இவ்வளவு நல்லவங்களா நீங்க!” என்று அவள் வியந்தபோது எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அவள்தான் அதைக் கவனிக்கவில்லை.

தணிக்கைக்காரம்மா ஒல்லியாக, சிரிக்காத முகத்தோடு வந்தாள். புரோகிராமின் புதுப் பதிப்பைக் கொண்டுவந்திருந்தாள். கூட்ட அறைச் சுவரில் இருந்த பெரிய திரையில் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஆபீஸே அங்கே கூடிவிட்டது. தணிக்கைக்காரம்மா சோதனையைத் தொடங்கும் பொத்தானை அழுத்தினாள்.

ஒரு பச்சை. கைதட்டல். இன்னொன்று பச்சை. விசில்! விற்பனைக்காரரின் கட்டம் பச்சையானதும் அவர் எழுந்து நின்று கும்பிட்டார். திருகாணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்போது மூலையில் ஒரு கட்டம் சிவந்தது. பத்து. ஐம்பது. இருநூறு. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

“யாருதுங்க அது?” திருகாணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. “படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யாரா இருந்தாலும் வெக்கமா இல்ல? நம்மளை நம்பித்தானே அவ்வளவையும் குடுத்துட்டுப் போறாங்க!”

தணிக்கைக்காரம்மா மேஜை எண்ணைப் பார்த்துவிட்டு, “ஜன்னலோரம், தண்ணி மெஷினுக்குப் பக்கத்து சீட்” என்றாள்.

எல்லோரும் திருகாணியைப் பார்த்தார்கள். அது அவள் சீட்.

பழைய புரோகிராம் எழுத்தை மட்டும்தான் படிக்கும். புதுசு படத்துக்குள் இருக்கிற எழுத்தையும் படிக்கும். சாட்சிக்கு, சாட்சிக்கு என்று வருஷக்கணக்காக அவள் பிடித்து வைத்த படங்கள்! ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்த அத்தனையும் ஒன்று விடாமல் அவளுடையதில் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. வீடு வீடாகக் குப்பை பொறுக்கித் தன் கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்த கதைதான்.

மேனேஜர் அவள் காதோரம் குனிந்தார். “திருகாணின்னு சொல்லிடும்மா. பொய்ச் சிவப்பு. ஒரு பொத்தான், முடிஞ்சுது.”

அவர் முடிப்பதற்குள் ஸ்டோர்காரர் எழுந்துவிட்டார். அந்தச் சாதுவுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! “மேடம், அது என் திருகாணிதான். நான்தான் அந்தம்மாகிட்ட குடுத்து வச்சேன். ஆபீஸுக்கே தெரியும்.” எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தணிக்கைக்காரம்மாவின் விரல் ‘பொய்ச் சிவப்பு’ பொத்தானுக்குப் போனது. திருகாணிக்கு ஆசை இல்லாமல் இல்லை. தலையை மட்டும் ஆட்டினால் நிரந்தரம். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால் புரோகிராம் இனி என்றைக்கும் அந்தப் படங்களைத் திரும்பிப் பார்க்காது என்று அவளுக்குத் தெரியுமே! அவற்றில் ஒன்று அவள் மனசில் வந்து நின்றது.

“வேண்டாம் மேடம், அழுத்தாதீங்க” என்றாள். “அது திருகாணி இல்ல. நெசமான ஆளுங்க. அதுல ஒரு அம்மா, ‘மெஷின் வாங்கினது வீட்டுக்காரருக்குத் தெரியாது, தயவுசெஞ்சு வீட்டுக்கு ஃபோன் பண்ணாதீங்க’ன்னு கையெழுத்துக்குப் பக்கத்துல எழுதியிருக்காங்க. எல்லாம் நான் சேத்து வச்சதுதான். இவங்க சிரிக்கக் கூடாதுன்னு சேத்து வச்சேன்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என் வாயாலயே வெக்கமா இல்லையான்னு கேட்டேனே!” என்றாள்.

நின்றுகொண்டிருந்த ஸ்டோர்காரர் உட்காரவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“எங்கிட்டயும் ஒண்ணு இருக்கும்மா. ரிப்பேருக்குப் போற வீட்டு விலாசம் பூரா இதுலதான். நீங்க வந்து பாப்பீங்கன்னு நேத்துதான் இதுக்கு மாத்தினேன்.”

“அண்ணே! நீங்களுமா?”

அவர் கையை விரித்தார். உடனே வசூல்காரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். கரண்டிக்குப் பக்கத்தில் ஒரு பென் டிரைவ். விற்பனைக்காரர் சாக்ஸுக்குள்ளிருந்து இரண்டை எடுத்தார்! ஒருவர் கொட்டியதைப் பார்த்து அடுத்தவருக்கு வெட்கம் விட்டுப்போனது. சுவரில் இருந்த பச்சையெல்லாம் மேஜை டிராயரிலும் சட்டைப் பையிலும் ஒளிந்திருந்த சிவப்பு! பிஸ்கட் தட்டைக் காலி செய்து அதில் எல்லாவற்றையும் போட்டார்கள். கடைசியில் எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு கார் சாவிக் கொத்திலிருந்து, சத்தம் வராமல், ஒன்றைக் கழற்றித் தட்டில் வைத்தார். அதுதான் இருந்ததிலேயே பெரிசு.

சிரிக்காத தணிக்கைக்காரம்மா சிரித்துவிட்டாள். கைக்குட்டையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை.

“சிவப்பு சிவப்புதான். அத்தனையும் எழுதத்தான் போறேன்” என்றாள் மூச்சு வாங்கியபடி. பிறகு திருகாணியிடம், “இதையெல்லாம் பிரிச்சுப் பூட்ட எவ்வளவு நாளாகும்?”

“இவங்களை வச்சுக்கிட்டா? இவங்க ஓய்வு பெற்று வீட்டுக்குப் போற வரைக்கும் ஆகும் மேடம்.”

“உங்க ஒப்பந்தம் எப்போ முடியுது?”

“இந்த வருஷக் கடைசியில.”

தணிக்கைக்காரம்மா மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் தட்டில் கிடந்த தன் பென் டிரைவைப் பார்த்தார்.

“அவங்க வேலை முடியாது மேடம்” என்றார். “இன்னைக்கே நிரந்தரம் பண்ணிடறேன்.”

திருகாணி தண்ணீர் மெஷின் பக்கம் ஓடிக் கணவருக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் கண்ணாடி அறுக்கிற சத்தம் காதைக் கிழித்தது. ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் கத்தினாள்.

“ஏங்க! எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு! கேக்குதா? நிரந்தரம்!”

மெஷின் நின்றது. பிறகு அவள் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் அவர் சொன்னார்:

“மெதுவா சொல்லும்மா. யாராவது கேட்டுடப் போறாங்க.”