பாசிக்கு நடுவில் ஒரு வட்டம்

இது நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்பாதவர்களுக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒருவர், பேய் என்றாலே விழுந்து விழுந்து சிரிக்கும் ஒரு நாத்தனார். இன்னொருவர், அளவு நாடா வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாத ஒரு தையல்காரர். நேரமும் நடுராத்திரி இல்லை. பட்டப்பகல். மூன்று மணி பத்து நிமிடம்.

அவளை எல்லோரும் 'தொட்டியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் மீன் தொட்டி கழுவுவது அவள் தொழில். அதற்கு முன்னால் அது அவள் கணவரின் தொழிலாக இருந்தது. அவள் வாளி தூக்கிக்கொண்டு கூடப் போவாள். ஏழு வாரத்துக்கு முன்பு ஒரு வீட்டில், கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தவர், அப்படியே தொட்டியின் மேல் சாய்ந்தார். அவர் கையை வெளியே எடுத்தது மற்றவர்கள்தான்.

அவள் அழவில்லை. அழுத்தக்காரி என்று சொந்தபந்தம் காதோடு காதாகப் பேசிக்கொண்டது. மூன்றாம் வாரமே அவருடைய வாளியையும் சுரண்டியையும் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. மற்றதெல்லாம் மரத்துப் போயிருந்தது.

வீட்டு முன்னறையில், சுவரை ஒட்டி, அவர் வைத்த நாலடித் தொட்டி ஒன்று இருந்தது. அதை மட்டும் அவள் தொடவில்லை. எதிரே இருந்த சோபாவில்தான் இப்போதெல்லாம் படுக்கை. "எட்டு மணி நேரத்துக்கு மேல லைட் எரியக் கூடாதும்மா, வெளிச்சம்தான் பாசிக்குச் சாப்பாடு" என்று போகிற வீட்டிலெல்லாம் பாடம் எடுப்பவள், சொந்தத் தொட்டியின் விளக்கை ஏழு வாரமாக அணைக்கவே இல்லை. கடைசி நாள் காலையில் அவர் போட்டுவிட்டுப் போன விளக்கு அது. அணைக்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்னம்மா இது, தொட்டியா தோட்டமா?"

"பாசி, அண்ணி."

"அது தெரியுது. உள்ளே மீன் இருக்கா?"

"மேனேஜர் இருக்கணும்."

மேனேஜர் என்பது ஒரு கொழுத்த கிழட்டுத் தங்க மீன். ஒரு மூலையில் நின்று வாயை மட்டும் அசைக்கும், வேறு ஒரு வேலையும் செய்யாது என்பதால் அவர் வைத்த பேர்.

"இருக்கணும்னா? நீ பாக்கலையா?"

"கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியலை. தீனி போட்டா காணாமப் போகுது."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். இடது கையால். அவர் எதையும் இடது கையால்தான் செய்வார்.

"தம்பி போனதே போதும். அவன் வளத்த மீனும் உன் கண்ணெதிரே சாகணுமா? முனையில இருக்கற தையல்காரர் தொட்டி கேட்டாரில்ல? வியாழக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கச் சொல்லட்டுமா?"

அந்த வீட்டில் அவர் விட்டுப்போன உயிர் அது ஒன்றுதான். கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை. அவளுக்கு அது தெரிந்தது. ஆனால் யாரோ பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வது போலத் தெரிந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

பச்சைக் கண்ணாடியோடு கொடுப்பது தொழிலுக்கு அசிங்கம். சுரண்டவோ மனம் வரவில்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. விளக்கை அணைத்து, தொட்டியைத் தடித்த போர்வையால் சுற்றி மூடி, மூன்று நாள் வெளிச்சம் புகாமல் விட்டால் பாசி பட்டினியில் சாகும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே நிபந்தனை... நடுவில் திறக்கக் கூடாது.

திங்கள், பிற்பகல் மூன்று மணி. சுவிட்சில் விரல் வைத்தாள். அவர் விரல் கடைசியாகப் பட்ட இடம். அணைத்தாள். போர்வையைப் போர்த்தி, ஓரங்களைச் செருகினாள்.

செவ்வாய், 3.10. சோபாவில் சாய்ந்திருந்தாள்.

கர்ர்ர்ர்... டிக்.

கர்ர்ர்ர்... டிக்.

சமையலறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தார். "என்னம்மா சத்தம்? காத்து மோட்டாரா?"

"அது 'உர்'ருன்னு ஓடும், அண்ணி."

"அப்ப இது?"

ஒவ்வொரு இழுப்பு முடிந்ததும் பாசியை உதறச் சுரண்டியைக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டுவது அவர் ஒருவருடைய பழக்கம். 3.14க்குச் சத்தம் நின்றது.

புதன், 3.10.

கர்ர்ர்ர்... டிக்.

எழுந்து போய்ச் சமையலறையில் பார்த்தாள். சுரண்டி ஆணியில் தொங்கியது. தொட்டாள். காய்ந்திருந்தது.

திரும்பி வந்து போர்வையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இடது ஓரத்திலிருந்த சத்தம் நகர்ந்தது. மெதுவாக. கைக்கு நேராக வந்தது. அங்கேயே நின்றது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் அவர் உயிர் போனதாக எழுதியிருந்த நேரம் அவளுக்கு மனப்பாடம். மூன்று பத்து.

அப்போதும் அவளுக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

வியாழன், மூன்று மணி. போர்வையை எடுத்தாள். ஒரு பாசிகூடச் சாகவில்லை. அப்படியே பச்சை. நடுவில் மட்டும், போர்வை மேல் அவள் கை வைத்த இடத்தில், ஒரு நீள்வட்டம் பளிச்சென்று சுரண்டப்பட்டிருந்தது. அதற்குள் மேனேஜர் வாயை அசைத்துக்கொண்டு நின்றார்.

அவள் கோடுகளைப் பார்த்தாள். கண்ணாடி சுரண்டும் கோடும் கையெழுத்து மாதிரிதான், ஆளுக்கு ஆள் மாறும். அவருடைய கோடு இடது அடியிலிருந்து வலது மேலே சாயும். இது வலது அடியிலிருந்து இடது மேலே சாய்ந்திருந்தது. இடது கைக் கோடு.

"அண்ணி, போர்வையைத் தூக்கினீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? அந்த வழவழப்புல கை வைக்கிறதுக்கு!"

"இடது கையில சுரண்டியிருக்கு."

"உலகத்துல நான் ஒருத்திதான் இடது கையா? நல்லா இருக்கே ஞாயம்! தம்பி மேல சத்தியமா நான் தொடலை."

பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதோடு விட்டுவிட்டாள்.

ஐந்தரைக்குத் தையல்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். தண்ணீரை முக்கால்வாசி இறைத்து, மேனேஜரை வாளியில் விட்டு, தொட்டியைத் தூக்கிப் போனார்கள். கூடவே போய் அவர் கடையில் வைத்துக் கொடுத்தாள்.

"மிச்சப் பாசியை நானே சுரண்டிக்கறேன்க்கா. கத்தரி பிடிச்ச கை."

"எட்டு மணி நேரத்துக்கு மேல லைட் வேணாம். பாசி வரும்."

பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளி. பல் டாக்டர் கிளினிக். அங்கே தொட்டிதான் தடுப்புச் சுவர். இந்தப் பக்கம் நோயாளிகள் உட்காரும் இடம், அந்தப் பக்கம் டாக்டர் அறைக்குப் போகும் வழி. 3.05க்கு இந்தப் பக்கக் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தாள். வலது கை. இடது அடியிலிருந்து வலது மேலே. அவர் கற்றுக்கொடுத்த கோடு.

"தொட்டியக்கா, டாக்டர் இந்த மீனுக்கும் பல்லு பிடுங்கிட்டாரா? வாயை மூடவே மாட்டேங்குது!" என்றாள் சீட்டு எழுதும் பெண்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

நின்றுவிட்டாள்.

அவள் போட்ட அதே கோடுகள். தொட்டிக்கு அந்தப் புறமிருந்து பார்த்தால்... வலது அடியிலிருந்து இடது மேலே சாய்ந்திருந்தன.

இடது கைக் கோடு மாதிரி.

வீட்டுத் தொட்டிக்கு அந்தப் புறம் கிடையாது. சுவர்தான்.

அந்தப் புறம் என்றால்... தண்ணீருக்குள்.

வலது கைக்காரர். உள்ளே இருந்து. வெளியே பார்த்தபடி.

அந்த வட்டம் மீனைப் பார்க்கச் சுரண்டியது இல்லை.

அதற்கு நேர் எதிரே... சோபா.

கைப்பேசி அடித்தது. 3.12. தையல்காரர்.

"அக்கா, கடையில ஒரு சத்தம். இப்பதான் நின்னுச்சு."

"தொட்டியிலயா?"

"ஆமா. முன்னாடி கண்ணாடியில ஒரு வட்டம் இருந்துச்சே, அது மூடிடுச்சு. ஒரே நாள்ல அவ்வளவு பாசி வருமா?"

வராது. எந்த வெயிலில் வைத்தாலும் வராது.

"இப்ப பக்கத்துக் கண்ணாடியில புதுசா ஒண்ணு. நாடா வச்சு அளந்துட்டேன்க்கா. ரெண்டும் ஒரே அளவு. ஏழு அங்குலம் அகலம், ஒன்பது உயரம். ஒரு ஆளோட முகம் அளவு."

"எந்தப் பக்கம்?"

"நேத்து நீங்க வெளியே போனீங்களே... அந்த வாசப் பக்கம்."

அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுரண்டியை வாளியில் போட்டாள்.

"லைட் எரியுதா?"

"இல்லையே. நீங்கதானே..."

"போடுங்க. அணைக்காதீங்க. நான் வந்துட்டிருக்கேன்."

"பாசி வருமேக்கா?"

"வரட்டும்."

தொட்டி இப்போது அவள் வீட்டில், பழைய இடத்தில் இருக்கிறது. விளக்கு அணைவதில்லை. கண்ணாடி முழுக்கப் பச்சை, சோபாவுக்கு எதிரே ஏழுக்கு ஒன்பது அங்குலம் தவிர.

இப்போதெல்லாம் மூன்று மணிக்குள் வேலையை முடித்து வந்து, அவள் சுரண்டியைத் துடைத்து, சமையலறை ஆணியில் மாட்டிவிடுகிறாள்.

சத்தம் நின்ற பிறகு, மூன்று மணி இருபது நிமிடத்துக்குப் போய்த் தொட்டுப் பார்ப்பாள்.

காய்ந்தேதான் இருக்கும்.