பாசி படிந்த பெயர்கள்

லண்டன் ஹரோவிலிருந்து ரயிலேறி, பழைய தேவாலயம் பார்க்க ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். தேவாலய வாசலில், உலகப் போரில் இறந்த ஊர்ப் பையன்களின் பெயர் பொறித்த தூணை ஒருவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. எதிரே இருந்த மளிகைக் கடை அந்த ஈழத்தமிழருடையது.

"இதையெல்லாம் கவுன்சில் செய்யாதா அண்ணா?"

"செய்யும். ஆனா எழுத்துக்குள்ள பாசி நிக்கும். ஞாயிறுகளில நான்தான் எடுக்கிறனான்."

"இவங்க யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. ஒவ்வொரு பேரையும் ஒருக்கா வாசிப்பன்." பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்தார். "சண்டையில போன என்ர தம்பிக்கு ஊரில ஒரு கல்லு வைக்க ஆமி விடேல்லை."

பிறகு அடுத்த ஆங்கிலப் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

அவருடைய தம்பியின் பெயரை அன்று நான் கேட்டிருக்கலாம். ஏன் கேட்காமல் வந்தேன் என்று இன்னும் புரியவில்லை.