உதட்டுப் பக்கத்துச் சுவர்

அந்தப் பல் டாக்டரம்மா ஒரு முன்பல்லைப் பிடுங்கும் நேரத்தில் வேறொரு டாக்டர் பாதி ஊரின் வாயைப் பார்த்து முடித்துவிடுவார். அதனால் அவருக்கு ஆமை டாக்டர் என்று பெயர். காத்திருக்கும் அறையில் கொட்டாவி விட்டவர்கள் வைத்த பெயர்தான். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "ஆமைன்னா ஆமை, அதுக்கு என்ன இப்போ?" என்பார்.

அந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. முன்பல்லின் வேருக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் தாடை எலும்பு முட்டை ஓட்டளவுதான் கனம். பல்லைப் பிடுங்கிய கையோடு அதே குழியில் திருகாணி வைத்துப் புதுப் பல் கட்ட வேண்டுமென்றால், அந்தச் சுவர் முழுசாக நிற்க வேண்டும்; ஈறைத் தாங்குவது அதுதான். இடுக்கியால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் போச்சு. டாக்டரம்மா பிளேடு போன்ற மெல்லிய கருவியை வேரைச் சுற்றி விட்டு, பல்லைப் பிடித்திருக்கும் நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பார். பிறகு முனை மழுங்கிய ஊசியால் குழியின் உள்சுவரைத் தடவிப் பார்ப்பார். சுவர் சரியாக இருந்தால் திருகாணியை அண்ணத்துப் பக்கம் தள்ளி வைத்து, முன்னால் விழும் இடைவெளியில் எலும்புத் தூளை நிரப்புவார். சுவர் உடைந்திருந்தால், காலில் விழுந்தாலும் அன்றைக்குத் திருகாணி கிடையாது. தூளைப் போட்டு மூடி, மாசக்கணக்கில் காத்திருக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அப்படிப்பட்டவர் நாத்தனார் விஷயத்தில் கோட்டை விட்டார்.

கணவரின் தங்கையான அவளை வீட்டில் எல்லாரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சிரித்தால் மூன்றாவது வீட்டு நாய் குரைக்கும். ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. படியில் தடுக்கி விழுந்து, மேல் முன்பல் வேரோடு பிளந்த நிலையில் வந்து நின்றாள். பல்லில்லாமல் நாளைக்கு எப்படி வேலைக்குப் போவது என்று ஒரே அழுகை.

"பல்லோடதான் அனுப்புவேன், அழாதே" என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். வேறு யாருக்கும் உள்ளே பார்க்காமல் அப்படிச் சொன்னதே இல்லை. வீட்டு ஆள் என்றால் எல்லாருக்கும் நாக்கு கொஞ்சம் நீளம்தான்.

நாற்காலியில் சாய்ந்த பிறகும் பட்டாசு அடங்கவில்லை. மரத்துப்போன உதட்டோடு அண்ணனைப் பற்றி என்னென்னவோ குழறினாள். டாக்டரம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார். வேரில் பாதிதான் விடுபட்டிருந்தது. அதற்குள் கருவியை வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தார். லேசாகத்தான் அசைத்தார், ஆனால் உதட்டுப் பக்கமாக. பல் வந்துவிட்டது. ஊசியால் தடவியபோது ஓரிடத்தில் எலும்பு தட்டுப்படவில்லை. ஊசி மெத்தென்று ஈறில் போய் நின்றது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று பார்த்தார். தூளைக் கூடுதலாக அடைத்தார், திருகாணியை இறக்கினார், தற்காலிகப் பல்லைப் பொருத்தினார்.

"இந்தப் பல்லால எதையும் கடிச்சுடாதே" என்றார். பட்டாசு கண்ணாடியைப் பார்த்துவிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

சில மாதங்களில் ஈறு மேலே ஏறிவிட்டது. பக்கத்துப் பல்லைவிடப் புதுப் பல் நீளமாகத் தெரிந்தது. ஈறோரம் திருகாணியின் சாம்பல் நிறமும் எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் பட்டாசே முந்திக்கொண்டாள்.

"என் தப்புதான் அண்ணி. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான்தான் ஞாபகமில்லாம ஒரு நாள் ஆப்பிளைக் கடிச்சுட்டேன்."

ஆப்பிளைக் கடித்ததால் வந்த வினை இல்லை இது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் மெல்லத் தலையாட்டினார். கை தவறுவது யாருக்கும் நடக்கும், அதை விட்டுவிடலாம். இந்தத் தலையாட்டலுக்கு என்ன சமாதானம் சொல்வது? எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு பட்டாசு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அதுவும் குறைந்தது. வரவேற்பு மேசை வேண்டாம் என்று தானே கேட்டு, உள்ளே போன் எடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டாள். "அவ பாடுபட்டு வெச்சதைக் கெடுத்துக்கிட்டியே" என்று அண்ணன் வேறு அவளைத் திட்டுவார். அப்போதெல்லாம் டாக்டரம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிளினிக்கில் ஒரு குழியைத் தடவினால் மனசு கேட்காமல் மறுபடியும் தடவுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மேசையில் இருந்தபோது அண்ணன் ஆப்பிளை நறுக்கித் தங்கை பக்கம் நகர்த்தினார்.

"ஐயோ வேண்டாம்ணா, பட்டது போதும்" என்று பட்டாசு தட்டைத் தள்ளினாள். அவர் சிரித்தார்.

டாக்டரம்மாவால் தாங்க முடியவில்லை. "ஆப்பிள் இல்ல" என்றார். "நான்தான். பல்லை எடுக்கும்போதே முன்பக்க எலும்பை உடைச்சுட்டேன். உடைஞ்சது தெரிஞ்சும் வெச்சேன். உன்கிட்ட மறைச்சுட்டேன்."

கணவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். பட்டாசு அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"உடைஞ்சதை விடுங்க, அவசரப்படுத்தினதே நான்தான்" என்றாள். "ஆனா, என் தப்பு என் தப்புன்னு உங்க முன்னாடி எத்தனை தடவை அழுதிருப்பேன்? அதையெல்லாம் கேட்டுக்கிட்டு எப்படி உட்கார்ந்திருந்தீங்க?"

"திருகாணியை எடுத்துட்டு, எலும்பு வெச்சு ஆறவிட்டு, மறுபடி சரி பண்ணலாம். நேரமாகும். நானே பண்ணித் தரேன்" என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார்.

பட்டாசு எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"வேற யாராவது நல்லவங்க இருந்தா சொல்லுங்க, டாக்டர்" என்றாள். அதுவரை அவள் அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.