போகும் வரியும் திரும்பும் வரியும்

அவித்த நெல்லைக் களத்தில் கொட்டியதும் எழும்பும் ஆவி முதலில் மூக்கில் ஏறும், பிறகுதான் உள்ளங்காலில் சூடு தெரியும். அந்தச் சூட்டில் பாதங்களைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்து, நெல்லில் கோடு கோடாய்ச் சால் போட்டுக்கொண்டு களத்தின் மறுகோடிவரை போய், அங்கிருந்து பக்கத்திலேயே இன்னொரு சால் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். இதற்கு எங்கள் வீட்டில் "துழாவி விடுறது" என்று பெயர். முத்துப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் அத்தா, அதாவது அப்பா, நெல் வாங்கி அவித்து, அரிசியாக்கி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒன்றாம் வகுப்புப் படித்த நானும் செல்வியும்தான் அந்தக் களத்துக் குட்டி வேலைக்காரிகள். செல்வி, எங்கள் களத்தில் வேலை பார்த்த மாரியம்மாவின் மகள்.

துழாவும்போது அம்மா நிழலில் நின்றபடி ஒரே பாட்டைப் பாடுவாள். "சும்மா திரும்பாதீங்கடி! வர்றப்பவும் இழுத்துக்கிட்டு வாங்க!" போகும்போது மட்டும் துழாவிவிட்டு வெறுமனே நடந்து வந்தால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

பள்ளியில் சிலேட்டும் குச்சியும் கொடுத்தார்கள். முதல் வரியை நாங்கள் இருவரும் இடமிருந்து ஒழுங்காகத்தான் எழுதினோம். சிலேட்டின் விளிம்பு வந்ததும் கை அப்படியே கீழே இறங்கி, அடுத்த வரியை வலமிருந்து எழுதிக்கொண்டே திரும்பியது. எழுத்து ஒவ்வொன்றும் நிமிர்ந்துதான் நின்றது, வரிசை மட்டும் தலைகீழ். சாரதா டீச்சர் என் சிலேட்டைப் பார்த்துவிட்டு, "காலையில அரபு ஓதிட்டு வர்றால்ல, அந்தப் பழக்கம்" என்றார். காலையில் எங்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த லெப்பையோ, "இஸ்கூலுக்குப் போனதிலேர்ந்துதான் புள்ளைக்கு மூளை கலங்கிப்போச்சு" என்று அத்தாவிடம் புகார் வைத்தார். அரபு எழுத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத செல்வியும் ஏன் அப்படியே எழுதுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளைப் பார்த்து நான் கெட்டேன் என்று ஒரு நாளும், என்னைப் பார்த்து அவள் கெட்டாள் என்று மறுநாளும் டீச்சர் சொன்னார். எங்களைப் பிரித்து உட்கார வைத்தும் இரண்டு கைகளும் திரும்பித் திரும்பியே வந்தன. நாங்கள் செய்வதில் என்ன தப்பு என்பது எங்கள் இருவருக்கும் சத்தியமாக விளங்கவில்லை.

அத்தா ஒரே போடாகப் போட்டார். "இந்தப் பரீட்சை வரைக்கும் பாப்போம். வரலைன்னா வீட்டோட இருக்கட்டும்." எனக்காவது தவணை கிடைத்தது. மாரியம்மாவைக் கூப்பிட்டு டீச்சர், "இவளுக்கு எழுத்து ஏறாதும்மா" என்றார். மாரியம்மா, "நீங்க சொன்னா சரிங்க" என்று மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாள் செல்வி பள்ளிக்கு வரவில்லை.

ஊரே அப்போது எனக்கு விளங்காத ஊராக இருந்தது. சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு, வரப்பெல்லாம் செங்கொடி. குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள், போலீஸ் வேன் சந்தைத் தோப்பில் வந்து நின்றது. மாரியம்மாவும் களத்துக்கு வருவதை நிறுத்தினாள். "அவங்க கேக்குறதுல என்ன தப்பு?" என்று அம்மா சொல்ல, "அப்ப அவிச்ச நெல்லு நாறிப்போனா யார் தலையில விடியும்?" என்று அத்தா கத்த, நான் யார் பக்கம் என்று தெரியாமல் இருவருக்கும் தலையாட்டினேன்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் மேகம் திரண்டு வந்தது. களம் நிறைய ஈர நெல், துழாவ நானும் அம்மாவும் மட்டும். என்னைப் பற்றி அத்தாவிடம் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வந்த சாரதா டீச்சர், களத்து ஓரத்தில் குடையோடு நின்றார். நான் போனேன், மறுகோடியில் திரும்பினேன், இழுத்துக்கொண்டு வந்தேன், மறுபடி போனேன். "சும்மா திரும்பாதடி ஜொகரா!" என்று அம்மா கூவினாள். டீச்சர் குடையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்போடு நெல்லுக்குள் ஓடி வந்தார்.

"அடிப் பாவி, இதைத்தான் எழுதினியா?"

எதை என்று எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து, நெல்லின் மேல் விரலால் இடமிருந்து ஒரு கோடு இழுக்க வைத்தார். கோடு முடிந்ததும் கையை அந்தரத்தில் தூக்கி, மறுபடி இடப்பக்கமே கொண்டுவந்து வைத்தார். "தமிழு இந்தப் பக்கம் போற வேலை மட்டும்தான்டி. வர்றப்ப கை சும்மாத்தான் வரணும்." சும்மா வந்தால் அம்மா திட்டுவாளே என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. "டீச்சர் சொல்றபடி செய்யி, ஆனா மழைக்கு முன்ன நெல்லை அள்ளிடணும்" என்றாள். பிறகு மூன்று பேருமாக அள்ளினோம்.

மறுநாளே டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு செல்வியின் தெருவுக்குப் போனார். கைது, அடிதடி என்று பயந்து பாதித் தெரு காலியாகியிருந்தது. மாரியம்மாவின் குடிசைக் கதவு கயிற்றால் கட்டிக் கிடந்தது. "பட்டுக்கோட்டைப் பக்கம் ஒறவுக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. டீச்சர் மிச்சமிருந்த வீடுகளிலும் ஏறி இறங்கி விசாரித்துவிட்டுத்தான் திரும்பினார். நான் பரீட்சையில் தேறினேன்.

இன்று நெல்லை இயந்திரம் காய வைக்கிறது. எங்கள் களம் கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. பாலர் பள்ளியில் டீச்சராகச் சின்னப் பிள்ளைகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். ஐந்து வயதுக் கை எந்தப் பக்கமும் போகும், அந்தக் கை வீட்டில் என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் விசாரியுங்கள் என்று இளம் டீச்சர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்பது மட்டும் இன்னும் எனக்குக் குழப்பம்தான். டீச்சர் மேலா, அம்மா மேலா, கூலியைக் கூட்டித் தர மறுத்தவர்கள் மேலா? செல்வி எங்கே இருக்கிறாளோ, கையெழுத்துப் போடுகிறாளோ, கைநாட்டு வைக்கிறாளோ, தெரியாது. அந்தச் சிலேட்டிலேயே அவளுக்கு எழுத்து வந்துவிட்டிருந்தது. அதை அவளிடம் சொல்ல யாராலும் முடியவில்லை.