பாய் வீட்டு வாசலில் நின்ற கரகம்

ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூந்தமல்லியில் எந்தத் திருவிழாக் கூட்டம் ஆனாலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, "அந்தக் காலத்துல நம்ம தெருவுல எப்படி இருந்தோம் தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவார். கைதட்டல் விழும். நான் எழுந்து வந்துவிடுவேன். சண்டைக்காரி என்று பெயர். இருக்கட்டுமே! மண்டையை உடைத்துக்கொள்வதைவிடச் சேர்ந்து இருப்பது ஆயிரம் மடங்கு மேல்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அவர்கள் உருகி உருகிச் சொல்கிறார்களே ஒரு சாயங்காலம், அந்தச் சாயங்காலம் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிற வேலை. எங்கள் தெருவின் ஒரு முனையில் பள்ளிவாசல், மறு முனையில் அம்மன் கோயில். நடுவில் மாவு மிஷின், கறிக்கடை, சோடாக் கடை, எந்நேரமும் குடங்கள் வரிசை கட்டி நிற்கும் ஒரு அடிபம்பு. கோயில் முனையில் இருந்த ஒரே முஸ்லிம் வீடு எங்கள் எதிர் வீடு. தையல்காரப் பாய், அவர் மனைவி, ஐந்து வயதுப் பெண் குழந்தை. பாய்க்கு டிரங்க் ரோட்டில் கடை. அவர் மனைவியைத் தெருவே பாயம்மா என்று கூப்பிடும். குழந்தை எல்லோருக்கும் பாப்பா.

அந்தப் பாப்பா லேசில் பிறந்துவிடவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் பாயம்மா ஏறாத தர்கா இல்லை. கடைசியில் என் அம்மாதான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போனாள். ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டால் குழந்தை தங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாய்க்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார். அடுத்த வருஷமே பாப்பா பிறந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தக் குழந்தை மேல் ஒரு பாத்தியதை வந்துவிட்டது. "எங்க ஆத்தா குடுத்த கொழந்த" என்பாள். பாயம்மாவும் தலையை ஆட்டுவாள்.

நான் சொல்கிற வருஷம் ரம்ஜான் நோன்பு சித்திரை வெயிலில் வந்தது. கோயிலிலும் அப்போதுதான் காப்புக் கட்டியிருந்தார்கள். ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு அலறும். பாங்கு நேரம் வந்ததும் மைக்செட்காரர் நிறுத்திவிடுவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

அந்த வாரத்தில்தான் பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்தது. அம்மா போய்ப் பார்த்தாள். பார்த்த உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். "தாயே, காப்பு கட்ன வாரத்துல புள்ள மேல வந்து குந்திகினியா!" மணல்வாரி அம்மை. அம்மா சட்டங்களை அடுக்கினாள். வாசலில் வேப்பிலை செருக வேண்டும். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது, தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, வீட்டுக்குள் ஊசி நூல் எடுக்கக் கூடாது, மருந்து மாத்திரை கூடவே கூடாது. எங்கள் வீடுகளில்கூட நாங்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருப்போம். பாயம்மா அட்சரம் பிசகாமல் நடந்தாள். நோன்பு மாசத்தில் அந்த வீட்டில் ஒரு சமோசா பொரியவில்லை. பாய் பள்ளிவாசலிலிருந்து தூக்கில் கஞ்சி வாங்கி வருவார். பகலெல்லாம் பட்டினி கிடந்த இரண்டு பேருக்கும் அதுதான் நோன்பு திறக்க.

பொரிந்தது அடங்கியது. காய்ச்சல் அடங்கவில்லை. நான் வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தபோது பாப்பா வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. எங்கள் கம்பெனியில் ஒருத்தியின் பிள்ளைக்கு இதேபோல் மணல்வாரி இறங்கும்போது நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் போட்டுப் பிழைக்க வைத்திருந்தார்கள். பள்ளிவாசல் அசரத்தும் வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டிடுங்க பாய், தாமதிக்காதீங்க" என்று சொல்லிப் போயிருந்தார்.

பாய் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்மா தெருவைத் தாண்டி ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"இன்னா பாய், ஆத்தா ஒடம்புல கீறா. நீ இன்னான்னா ஊசி போட இட்டுனு போறியே!"

"கொழந்த மூச்சு வாங்குதுக்கா."

"ஊசி போட்டா ஆத்தா உள்ளாற எறங்கிடுவா. அப்பறம் யாரு வந்தும் காப்பாத்த முடியாது. நாளைக்கு கரகம் தெருவுக்கு வருது. அவளே உன் வாசலுக்கு வந்து மஞ்ச தண்ணி குடுப்பா. அப்பறமா எங்க வேணா இட்டுனு போ."

"யம்மா, சும்மா இரு. நாளைக்கு வரைக்கும் தாங்குமா?" என்று நான் கத்தினேன்.

"நீ வாய மூடுடி. நாலு எழுத்து படிச்சிட்டா ஆத்தாளுக்கே வைத்தியம் சொல்லுவியா?"

பாயம்மா கணவனின் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அக்கா சொன்னா செரியா இருக்கும்ங்க. இவள குடுத்ததே அவங்க சாமி தானே" என்றாள். பாய் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "காப்பு கட்டினு இருக்கும்போது இவங்க பேச்ச தாண்டி நான் போயி, நாளைக்கு ஊருல ஒண்ணு ஆச்சின்னா, துலுக்கன் ஆத்தாள மதிக்கலன்னு தான் பேசுவாங்க. காலம் செரியில்லமா. நாலு பேரு மத்தியில குந்திகினு கீறோம்."

ஊரோடு ஒத்து வாழ் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

மறுநாள் சாயங்காலம் கரகம் புறப்பட்டது. அந்த வருஷங்களில் வடக்கே எங்கெங்கோ ஊர்வலத்தில் கல் விழுந்த செய்தி வந்துகொண்டிருந்ததால், பள்ளிவாசல் இருக்கிற தெரு என்று இன்ஸ்பெக்டரே லத்திக்காரர்களோடு வந்திருந்தார். பம்பையும் உடுக்கையும் காதைக் கிழித்தன. கரகம் எடுத்தவர் ஆடி ஆடி வந்து, யாரும் எதிர்பாராமல் பாய் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். எதிர்பாராமல் என்ன, எல்லாம் அம்மா முன்கூட்டியே பூசாரியிடம் சொல்லி வைத்திருந்ததுதான். "இந்த ஊட்ல ஆத்தா குந்தினுகீறா!" என்று பூசாரி கத்தினார்.

பாயம்மா பாப்பாவை மஞ்சள் துணியில் சுற்றித் தோளில் சாய்த்து வெளியே வந்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். கரகத்துக்குக் காட்டியதைக் குழந்தைக்கும் காட்டினார்கள். வயசான கிழவிகள் அந்தச் சின்னக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

அப்போது பாங்கு சொன்னார்கள். பம்பைக்காரர் கையைத் தூக்கினார். அத்தனை மேளமும் சட்டென்று நின்றது. பாய் கையிலிருந்த சொம்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்து நோன்பைத் திறந்தார். எதைப் பற்றி இன்றைக்கும் மைக்கில் பேசுகிறார்களோ அது இதுதான். கரகம் நிற்க, மேளம் நிற்க, பாங்கு ஒலிக்க, இந்துக்கள் கும்பிட, பாய் நோன்பு திறந்தார். ஆமாம், நடந்தது. ஆனால் மேளம் நின்ற பிறகு இன்னொரு சத்தமும் கேட்டது. பாப்பாவின் நெஞ்சிலிருந்து கர்ர் கர்ர் என்று வந்துகொண்டிருந்தது. தெருவில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். உதடு நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "ஆத்தா பேசறா, ஆத்தா பேசறா" என்று இன்னும் பலமாகக் கும்பிட்டார்கள். பாவிகளா! பாவிகளா!

பூசாரி மஞ்சள் தண்ணீரை வாயில் ஊற்றினார். அது வழிந்து கழுத்தில் இறங்கியது.

கரகம் நகர்ந்ததும் பாய் யாரையும் பார்க்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டுக் குழந்தையோடு ஏறினார். பாயம்மாவையும் இழுத்துக்கொண்டு நானும் ஏறினேன். முன்னால் ஊர்வலம். ஆட்டோ மாட்டு வண்டி மாதிரி அதன் பின்னாலேயே ஊர்ந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கவும் பயந்தார். டிரங்க் ரோட்டுக்கு வந்து வேகம் பிடித்தபோது பாப்பாவின் தலை என் மடியில் இருந்தது. வேலப்பன்சாவடி தாண்டும்போது கர்ர் சத்தம் நின்றது. "தூங்கிட்டா பாரு, ஆத்தா எறங்கிட்டா" என்று பாயம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டரம்மா கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "முன்னாடியே ஏன் கொண்டு வரல" என்று மட்டும் கேட்டார்.

பாப்பாவின் மையத்தை எடுக்கத் தெருவே வந்தது. கோயில் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டார்கள். பாதி கூட்டம் நெற்றியில் விபூதியோடு கபர்ஸ்தான் வரை நடந்தது. அம்மா மண்ணில் புரண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை. பெற்றவளைப் போல அழுதாள். சோடாக் கடைக்காரர் என் பக்கத்தில் நின்று, "கெட்ட நேரம் வந்தா ஒட்டகத்து மேல ஏறினாலும் நாய் கடிக்கும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சோடா பாட்டிலையே எடுத்து அவர் மேல் அடித்திருப்பேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நானும் அம்மாவும் போனோம். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு பாயம்மா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது.

"அக்கா, நான் எதுல தப்பு பண்ணேன்? நீ சொன்ன மாதிரி தானே இருந்தேன். தல வாரல, எண்ண சட்டி வெக்கல. ஆத்தாளுக்கு எதுல கோவம்?"

அவள் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே தரையைப் பார்த்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"பள்ளிவாசல் கஞ்சி ஊட்டுக்குள்ள வந்துச்சி இல்ல?" என்றாள் அம்மா. "கறி போட்டு தாளிச்சது."

பாயம்மா வாயில் கையை வைத்தாள். "யா அல்லா, அத நான் நெனக்கவே இல்லயே" என்றாள்.

அடுத்த ரம்ஜான் வந்தது. பாய் தூக்கில் கஞ்சியோடு வந்தார். பாயம்மா வாசலிலேயே வழிமறித்து அதை வெளியே வைக்கச் சொன்னாள். அவர் கேள்வி கேட்காமல் தெருவில் நின்றபடி குடித்தார். அவள் உள்ளே தண்ணீரும் ஒரு பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த எனக்கு ரத்தம் கொதித்தது. சமையல்கட்டுக்குப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, அவ தலையில ஏன் அப்படி ஒரு பழிய போட்டே? சாவுற வரைக்கும் தன் கொழந்தைய தானே கொன்னுட்டதா நெனச்சினு கெடப்பாளே!"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிசைந்துகொண்டிருந்த மாவுக் கை அப்படியே நின்றது.

"பின்ன இன்னாடி சொல்ல சொல்றே? உன் கொழந்தைய நான் தான் சாவடிச்சேன்னு சொல்லவா? சொல்லிட்டு அவ மூஞ்ச பாத்துகினு இந்த எதுத்த ஊட்ல நான் எப்டி இருக்கறது?"

அப்போது தெருவிலிருந்து பாயம்மாவின் குரல் கேட்டது: "அக்கா, நோன்பு தொறந்துட்டேன். தனியா கீறேன், செத்த வாயேன்."

அம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தோ வந்துட்டேன்" என்று போனாள்.